ஸ்ரென்ட் வைத்த பிறகும் மூச்சு வாங்குவது ஏன்? இதயமும் குருதிக் கலன்களின் அகவணியும்

வல்லிபுரத்தான் எழுதியது:

என் தகப்பனாருக்கு வைகாசி மாதம் மாரடைப்பு வந்தது. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து வந்த அம்புலன்ஸில் அருகிலுள்ள ஆதார வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றோம். அங்கே உறைவைக் கரைக்கும் ஊசி ஏற்றினார்கள். பிறகு யாழ்ப்பாணத்துக்கு மாற்றி, அஞ்சியோகிராம் செய்து, இதயத் தசைக்குக் குருதி கொண்டுபோகும் இடது முடியுருநாடியின் முன்கிளையில், நாடியைத் திறந்து வைத்திருக்கும் கம்பிவலைக் குழாயாகிய ஸ்ரென்ட் ஒன்றை வைத்தார்கள். அவருக்குப் பல வருடமாகச் சீனி வருத்தம் உண்டு. சுருட்டை மாரடைப்புக்குப் பிறகுதான் விட்டார்.

இப்போது எடுத்த எக்கோவில் இதயம் குருதியை வெளியேற்றும் அளவு 55 வீதம் என்று இருக்கிறது. அஞ்சியோகிராமிலும் நாடி நன்றாகத் திறந்திருப்பதாகச் சொன்னார்கள். அப்படியிருந்தும் கிணற்றடியிலிருந்து இரண்டு வாளி தண்ணீர் கொண்டுவந்தால் திண்ணையில் இருந்து மூச்சு வாங்குகிறார். எக்கோ அறிக்கையின் கடைசி வரியில் இதயம் தளர்வதில் இரண்டாம் தரக் குறைபாடு இருப்பதாக எழுதியிருக்கிறது, ஆனால் அதை எவரும் எங்களுக்கு விளங்கப்படுத்தவில்லை. நாடியும் திறந்திருக்கிறது, தசையும் சுருங்குகிறது என்றால், குறை எங்கே இருக்கிறது? இதயத்தின் நுண்கலன்களைப் பற்றி இங்கே முன்பு எழுதியவர்கள் இருப்பதால் கேட்கிறேன்.

பனங்கூடல் எழுதியது:

தம்பி, மூச்சு வாங்குவதற்குக் குருதிச்சோகை, நுரையீரல் வருத்தம், துடிப்பைக் குறைக்கும் குளிசையின் அளவு, ஏன், டைகாகிரெலோர் என்ற குளிசைகூடக் காரணமாக இருக்கலாம். அவற்றை வைத்தியர் நேரில் பார்த்துத்தான் விலக்க வேண்டும். நான் உடற்றொழிலியல் படிப்பித்தவனே தவிர உங்கள் தகப்பனாரின் வைத்தியன் அல்லன். அதைச் சொல்லிவிட்டு, நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

அஞ்சியோகிராம் காட்டுவது ஏறத்தாழ அரை மில்லிமீற்றருக்கு மேற்பட்ட பருமனுள்ள நாடிகளை மட்டுமே. இதயத் தசைக்கு எவ்வளவு குருதி போக வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவையோ அதனிலும் மெல்லிய புன்னாடிகளும் மயிர்க்குழாய்களும். தோட்டத்துக்கு நீர் இறைப்பவர்களுக்கு இது எளிதில் விளங்கும்: பெரிய வாய்க்காலில் இருந்த அடைப்பை எடுத்துவிட்டாலும், பாத்திகளுக்குப் போகும் மடைகள் தூர்ந்திருந்தால் பயிர் வாடத்தான் செய்யும்.

இது வெறும் ஊகம் அன்று. 1974 இல் குளோனர், கனோட், ஜெனிங்ஸ் ஆகிய மூவரும் நாய்களின் முடியுருநாடி ஒன்றைக் கட்டிவைத்துப் பிறகு அவிழ்த்துப் பார்த்தார்கள். 40 நிமிடங்கள் கட்டியிருந்த இதயங்களில், அவிழ்த்த பின்னர் ஏற்றிய ஒளிரும் சாயம் தசை முழுவதும் பரவியது. 90 நிமிடங்கள் கட்டியிருந்தவற்றிலோ, நாடி முழுதாகத் திறந்திருந்தும், இதயச் சுவரின் உட்புறத்தில் சாயம் போகாத இருண்ட திட்டுகள் தெரிந்தன. அந்தத் திட்டுகளை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது, மயிர்க்குழாய்களின் உட்புறத்தை மூடியிருக்கும் ஒற்றைக் கல அடுக்காகிய அகவணி வீங்கி, குமிழ்குமிழாகக் குழாயின் உள்ளே துருத்திக்கொண்டு நின்றது. இதைத்தான் மீள்பாய்ச்சலின்மை என்கிறோம். மனிதரிலும், ஸ்ரென்ட் வைத்த பிறகு காந்தப் படப்பிடிப்பில் தேடிப் பார்த்தால், பெரிய மாரடைப்பு வந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரில் இந்த நுண்கலன் அடைப்பு தென்படுவதாகப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன.

குருதி திரும்பி வரும் அந்தக் கணமே ஒரு தாக்குதலாகவும் அமைந்துவிடுகிறது. ஒட்சிசன் இன்றிக் கிடந்த கலங்களுக்கு அது திடீரென்று கிடைக்கும்போது, தாக்குதிறன் மிகுந்த ஒட்சிசன் மூலிகங்கள் வெள்ளமாக உருவாகின்றன. அவற்றுக்கு முதலில் இரையாவது அகவணி. குருதிக் கலன்களை விரிக்கும் நைத்திரிக் ஒட்சைட் வாயுவைச் சுரக்கும் ஆற்றலை அதுச் சில நிமிடங்களுக்குள் இழக்கிறது, வெண்குழியங்களைப் பிடித்துக்கொள்ளும் புரதங்களைத் தன் மேற்பரப்பில் நீட்டுகிறது, கலங்களுக்கு இடையிலான பொருத்துகளும் தளர்ந்து நீர் வெளியே கசிகிறது. வீங்கிய தசை வெளியிலிருந்து நெரிக்க, ஒட்டிய வெண்குழியங்களும் குருதிச்சிறுதட்டுகளும் உள்ளிருந்து அடைக்க, அந்தக் குழாய் நடுவில் நசுங்கிக் கிடக்கிறது.

உங்கள் தகப்பனாரின் எக்கோவின் கடைசி வரி இன்னொரு சங்கதியைச் சொல்கிறது. அதற்கும் இதே அகவணியுடன் தொடர்பு உண்டு என்றே நான் நினைக்கிறேன். அதை அடுத்து எழுதுகிறேன்.

கல்லுண்டாய் எழுதியது:

பனங்கூடல் ஐயாவின் வாய்க்கால் உவமை அழகாக இருக்கிறது, ஆனால் அது தவறான வழியிலும் இழுக்கும். வாய்க்காலின் கரை பயிருக்குக் கட்டளையிடுவதில்லை. அகவணி சேதமானால் குருதி குறையும் என்பது எனக்கு விளங்குகிறது. அப்படியானால் அது குழாய்ச் சிக்கல்தான். அகவணியே இதயத் தசையின் வேலையை மாற்றுகிறது என்பது வேறு கூற்று, பெரிய கூற்று. அதற்கு நேரடியான பரிசோதனை உண்டா என்பதே என் கேள்வி. நான் பொறியியல் படித்தவன். தொடர்பு இருப்பதையும் காரணமாக இருப்பதையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளத் தயங்குகிறேன்.

பனங்கூடல் எழுதியது:

கல்லுண்டாய் தயங்குவது சரியே. இரண்டு பரிசோதனைகளைச் சொல்கிறேன். இரண்டுமே அகவணியை நீக்கிவிட்டு என்ன நடக்கிறது என்று பார்த்தவை.

முதலாவது, நியூயோர்க்கில் றொபேட் ஃபேர்ச்கொட் செய்தது. முயலின் பெருநாடித் துண்டில், நரம்பு முனைகள் சுரக்கும் அசற்றைல்கோலின் என்ற பொருளை இட்டால் அது சுருங்கும் என்றே அவரது ஆய்வுகூடத்தில் பல வருடங்களாகக் கண்டுவந்தார்கள். 1978 இல் உதவியாளர் ஒருவர் வழமையான முறையிலிருந்து சற்று விலகிச் செய்தபோது அதே நாடி விரிந்தது. தேடிப் பார்த்ததில், துண்டை ஆயத்தப்படுத்தும்போது அதன் உட்புறம் ஏதாவதொன்றில் உரசுப்பட்டிருந்தால் சுருக்கமும், உரசுப்படாமல் இருந்தால் விரிவும் ஏற்படுவது தெரிந்தது. விரலால் மெல்லத் தேய்த்தாலே உதிர்ந்துவிடும் அந்த ஒற்றை அடுக்குத்தான் வேறுபாடு. பிறகு, அகவணி உரிக்கப்பட்ட துண்டின் மேல் அகவணி உள்ள துண்டை உட்புறங்கள் ஒன்றையொன்று பார்க்க வைத்து அடுக்கினார்கள். உரிக்கப்பட்ட துண்டும் விரிந்தது. ஆகவே ஏதோவொரு பொருள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கடந்து போயிருக்க வேண்டும். இந்தக் கட்டுரை 1980 இல் வெளிவந்தது. அந்தப் பொருள் நைத்திரிக் ஒட்சைட் வாயு என்பதை ஃபேர்ச்கொட்டும் லூயி இக்னாரோவும் 1986 இல் முன்மொழிய, சல்வடோர் மொன்காடாவின் குழு 1987 இல் அளந்து காட்டியது. 1998 இல் ஃபேர்ச்கொட், இக்னாரோ, நைத்திரேற்று மருந்துகள் இந்த வாயுவை வெளியிடுவதை முன்னரே காட்டிய முராட் ஆகிய மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. மொன்காடாவை விட்டது பற்றி அன்றே முணுமுணுப்பு எழுந்தது, என் மனமும் அந்தப் பக்கமே. அதே காலத்தில், 1988 இல், யப்பானின் சுக்குபாவில் யனகிசாவாவும் மசாகியும் அகவணியே சுரக்கும், இதற்கு நேரெதிராக வேலை செய்யும் பொருளைக் கண்டறிந்தார்கள். எண்டோதீலின் என்ற அது 21 அமினோவமிலங்களைக் கொண்ட சிறு பெப்ரைட்; குருதிக் கலன்களைச் சுருக்கும் பொருள்களில் மிக வலுவானவற்றுள் ஒன்று.

இதுவும் குழாய்க் கதைதானே என்று கல்லுண்டாய் சொல்வார். ஆகவே இரண்டாவது. பெல்ஜியத்தின் அன்ற்வேப்பில் டிர்க் புறூட்சார்ட் பூனையின் இதய அறைக்குள் இருக்கும் முலையுருத் தசையைத் தனியே எடுத்து, ஒட்சிசன் ஊட்டிய கரைசலில் தொங்கவிட்டார். அந்தத் தசைக்குள் குருதி ஓடவில்லை. ஒட்சிசன் கரைசலிலிருந்தே பரவியது. அதாவது குழாய் என்ற கேள்வியே அங்கில்லை. தசையின் மேற்பரப்பை மூடியிருக்கும் அகவிதய அகவணியை மட்டும், ஒரு சவர்க்காரப் பொருளில் ஒரு கணம் தோய்த்து நீக்கினார். தசை சுருங்கத் தொடங்கும் வேகம் மாறவில்லை. ஆனால் சுருக்கம் முன்னரே முடிந்தது, உச்ச விசையும் குறைந்தது. அந்த மெல்லிய போர்வை தசைக்கு எப்போது தளர வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தது என்பதை இதைவிட நேரடியாகக் காட்ட முடியாது.

வழி என்னவென்றும் இப்போது தெரியும். அகவணியில் உருவாகும் நைத்திரிக் ஒட்சைட் சில வினாடிகளே நிலைக்கும், ஆனால் இதயத் தசைக் கலம் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு மயிர்க்குழாயாவது இருப்பதால் அந்தச் சில வினாடிகள் போதும். அது தசைக் கலத்துக்குள் புகுந்து, வட்ட ஜிஎம்பி என்ற செய்தியாளரை உருவாக்க, அது ஒரு நொதியத்தை முடுக்கிவிட, அந்த நொதியம் ரைற்றின் என்ற நீண்ட புரதத்தில் பொசுபேற்றைச் சேர்க்கிறது. பொசுபேற்று சேர்ந்த ரைற்றின் இளகி நீளும். சேராதது விறைத்து நிற்கும். உங்கள் தகப்பனாரின் எக்கோ சொல்லும் தளர்வுக் குறைபாடு என்பது, இதயம் சுருங்குவது சரியாக இருந்தும், இளகி விரிந்து குருதியை ஏற்பதில் விறைப்புக் காட்டுவது. வாளியைத் தூக்கி நடக்கும்போது துடிப்பு விரைவாகி, நிரம்புவதற்கான நேரம் குறைகிறது. விறைத்த அறை அதற்குள் நிரம்ப முடியாமல், அமுக்கம் பின்னோக்கி நுரையீரலுக்குப் போகிறது. அதுவே மூச்சு.

இடது இதயவறையின் தசைக்குக் குருதி பெரும்பாலும் அது தளர்ந்திருக்கும் வேளையில்தான் பாயும் என்பதையும் இத்துடன் சேர்த்துப் பாருங்கள். தளர்வு கெட்டால் நுண்கலன்களில் பாய்ச்சல் குறையும். பாய்ச்சல் குறைந்தால் அகவணியை உராயும் விசை குறையும். அந்த உராய்வுதான் நைத்திரிக் ஒட்சைட்டைச் சுரக்கத் தூண்டும் முதன்மையான காரணி. ஒன்று மற்றதை இழுத்துக்கொண்டு கீழே போகும்.

நெய்தல் எழுதியது:

உயர்தர மாணவருக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். அகவணியை ஒரு வரியில் கடந்து போவது எங்கள் வழமை. இதயத்தின் கனவளவில் பெரும்பகுதி தசைக் கலங்களாக இருந்தாலும், எண்ணிக்கையில் அவை ஏறத்தாழ மூன்றில் ஒன்றுதான் என்றும், மிகுதியான கலங்களுள் பாதிக்கு மேல் அகவணிக் கலங்கள் என்றும் 2016 இல் எலியின் இதயத்தை எண்ணிப் பார்த்த ஆய்வொன்று காட்டியது. அதற்கு முன் மிகுதியெல்லாம் நார்க் கலங்கள் என்றே பலர் எழுதி வந்தார்கள். இந்த ஒரு தகவலே மாணவரின் பார்வையை மாற்றிவிடுகிறது.

செம்பருத்தி எழுதியது:

இந்த இழையைப் படித்த பிறகு என் கதையையும் எழுதத் தோன்றுகிறது. எனக்கு வயது ஐம்பத்திரண்டு. நடக்கும்போது நெஞ்சு இறுகும், சில வேளை விடியற்புறத்தில் படுத்திருக்கும்போதும் இறுகும். அஞ்சியோகிராம் செய்துவிட்டு, நாடிகள் சுத்தமாக இருக்கின்றன, இது வாயுவாக இருக்கலாம், அல்லது மனக்கவலை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வீட்டிலும் இப்போது எவரும் நம்புவதில்லை. அரை மில்லிமீற்றருக்குக் கீழே அஞ்சியோகிராம் எதையும் காட்டாது என்று ஐயா எழுதியதைப் படித்தபோது, அந்த நாள் இதை எவராவது எனக்குச் சொல்லியிருக்கலாமே என்று நினைத்தேன்.

பூவரசு எழுதியது:

அக்கா, நான் இதயப் பிரிவில் தாதியாக வேலை செய்கிறேன். உங்களைப் போன்றவர்கள், அதிலும் பெண்கள், நிறையப் பேர் வருகிறார்கள். அடைப்பில்லாத நாடிகளுடன் கூடிய இதயக் குருதிக்குறை என்று இதற்கு இப்போது தனியான பெயரே உண்டு. இது கற்பனையான வருத்தம் அன்று. 1986 இல் லட்மரும் கூட்டாளிகளும் மனிதரின் முடியுருநாடிக்குள் அசற்றைல்கோலினைச் சிறிது சிறிதாகச் செலுத்தியபோது, நலமான நாடிகள் விரிந்தன, கொழுப்புப் படிந்த நாடிகள் சுருங்கின. ஃபேர்ச்கொட் முயலில் கண்டதே படுக்கையில் இருந்த நோயாளியில் தெரிந்தது. அந்தப் பரிசோதனையை இன்றும் சில பெரிய நிலையங்களில் செய்கிறார்கள். 2018 இல் ஸ்கொட்லாந்தில் நடந்த ஆய்வொன்றில், அஞ்சியோகிராமில் அடைப்பு இல்லாதவர்களுக்கு இப்படி நுண்கலன்களைச் சோதித்து, வந்த விடைக்கேற்ப மருந்தைத் தெரிவு செய்தபோது நெஞ்சுவலி குறைந்தது, நாளாந்த வாழ்வும் மேம்பட்டது.

விடியற்புறத்து வலி நாடி இறுக்கத்தின் அடையாளமாக இருக்கலாம். அதற்குக் கல்சியம் தடுப்பு வகைக் குளிசைகளை விரும்புவார்கள். நடக்கும்போது மட்டும் வரும் நுண்கலன் வலிக்கு வேறு வகை. ஆகவே எந்த வேளையில் வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று ஒரு கொப்பியில் எழுதி, அடுத்த கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். வலி பதினைந்து நிமிடங்களுக்கு மேல் நின்றால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் 1990 ஐ அழையுங்கள்.

அகவணி இதயத்துக்கு மட்டும் உரியது அன்று என்பதை எங்கள் மாரிகால விடுதிகள் வருடாவருடம் காட்டுகின்றன. டெங்குவில் காய்ச்சல் இறங்கும் வேளையில் குருதியின் திரவம் மயிர்க்குழாய்களிலிருந்து கசிவதும் அகவணியின் சங்கதியே. அந்த வைரசு வெளியிடும் என்எஸ்1 என்ற புரதம் அகவணியின் மேலுள்ள வழுவழுப்பான சீனிப் போர்வையைச் சிதைப்பதை ஆய்வுகூடங்களில் கண்டிருக்கிறார்கள். காய்ச்சல் விட்டுவிட்டது, வீட்டுக்குப் போகிறோம் என்று துண்டு வெட்டக் கேட்பவர்களுடன் நாங்கள் மல்லுக்கட்டுவது இதனால்தான்.

கரவெட்டியிலிருந்து ரொறன்ரோ எழுதியது:

நைத்திரிக் ஒட்சைட் குறைவுதான் காரணம் என்றால் வழி எளிதாக இருக்கிறதே. இங்கே எல்-ஆர்ஜினின் என்ற மா பெரிய போத்தல்களில் விற்கிறார்கள். அகவணி நைத்திரிக் ஒட்சைட்டை ஆர்ஜினினில் இருந்துதான் உருவாக்குகிறது என்று போத்தலிலேயே எழுதியிருக்கிறது. அடுத்த மாதம் ஊருக்கு வருபவர் ஒருவரிடம் வல்லிபுரத்தானின் தகப்பனாருக்கும் ஒன்று கொடுத்துவிடலாம்.

பனங்கூடல் எழுதியது:

நல்ல மனத்துடன் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் தயவுசெய்து கொடுத்துவிட வேண்டாம். போத்தலில் இருக்கும் உயிரிரசாயனம் சரி, அதிலிருந்து எடுத்த முடிவுதான் சரியில்லை. இதையே 2006 இல் அமெரிக்காவில் மாரடைப்பு வந்த 153 பேரில் சோதித்தார்கள். ஆர்ஜினின் எடுத்தவர்களின் நாடிகளின் விறைப்பும் குறையவில்லை, இதயத்தின் வேலையும் கூடவில்லை. அந்தப் பக்கத்தில் ஆறு பேர் இறந்தார்கள், வெற்றுக் குளிசை எடுத்த பக்கத்தில் ஒருவரும் இறக்கவில்லை. ஆய்வை இடையில் நிறுத்தினார்கள். ஆறு என்பது சிறிய எண்ணிக்கைதான், தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் பயன் எதுவும் தெரியாத இடத்தில் அந்த ஆறு பேரை எண்ணாமல் விட முடியாது.

ஏன் பலிக்கவில்லை என்பதற்கு ஒரு விளக்கம் உண்டு. நைத்திரிக் ஒட்சைட்டை உருவாக்கும் நொதியத்துக்கு ஆர்ஜினின் மட்டும் போதாது, பீஎச்4 என்ற துணைப்பொருளும் வேண்டும். சீனி வருத்தம், புகை, பழுதான கொழுப்பு ஆகியன அந்தத் துணைப்பொருளை ஒட்சியேற்றிக் கெடுத்துவிடும். அப்போது அதே நொதியம் நைத்திரிக் ஒட்சைட்டுக்குப் பதிலாகத் தாக்குதிறன் மிகுந்த ஒட்சிசன் மூலிகத்தை உருவாக்கத் தொடங்கும். அந்த நிலையில் மூலப்பொருளைக் கூட்டுவதால் நொதியம் திருந்தப் போவதில்லை.

கல்லுண்டாய் எழுதியது:

ஐயாவின் முந்திய பதிவில் பூனைத் தசைப் பரிசோதனை என்னைத் திருப்திப்படுத்தியது. அகவணி தசைக்குச் செய்தி சொல்கிறது என்பதை ஏற்கிறேன். ஆனால் இப்போது ஐயாவின் வாதத்துக்கு எதிராகவே ஒரு கேள்வி எழுகிறது. நைத்திரிக் ஒட்சைட் குறைவால் ரைற்றின் விறைத்து இதயம் தளர மறுக்கிறது என்றால், உடலில் நைத்திரிக் ஒட்சைட்டை வெளியிடும் நைத்திரேற்று மருந்து கொடுத்தால் நோயாளி முன்னேற வேண்டும். தேடிப் படித்தேன். வெளியேற்றும் அளவு குறையாத இதயச் செயலிழப்பில், 2013 இல், வட்ட ஜிஎம்பி சிதையாமல் காக்கும் சில்டெனபிலைச் சோதித்தார்கள், பயனில்லை. 2015 இல் ஐசோசோபைட் மொனோநைத்திரேற்றைச் சோதித்தார்கள். நோயாளிகளின் நாளாந்த நடமாட்டம் கூடுவதற்குப் பதிலாகக் குறைந்தது. 2018 இல் நைத்திரைற்றை முகர வைத்துப் பார்த்தார்கள், அதுவும் பலிக்கவில்லை. ஒரு கொள்கை மூன்று முறை தோற்றால் எங்கள் துறையில் அதைக் கைவிடுவோம்.

பனங்கூடல் எழுதியது:

இந்த இழையில் வந்த கேள்விகளில் இதுவே மிகக் கனமானது. துறை வல்லுநர்களும் இதிலே இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.

2013 இல் பௌலஸும் ட்சோப்பேயும் ஒரு கொள்கையை முன்வைத்தார்கள். உடற்பருமன், சீனி, குருதியமுக்கம், நாட்பட்ட நுரையீரல் நோய் ஆகியன உடல் முழுவதும் மெல்லிய அழற்சியை உருவாக்குகின்றன, அந்த அழற்சி இதயத்தின் நுண்கலன் அகவணியைத் தாக்குகிறது, அகவணியிலிருந்து தசைக்குப் போகும் நைத்திரிக் ஒட்சைட் குறைகிறது, தசை விறைக்கிறது. அதாவது வருத்தம் தசையில் தொடங்கி வெளியே பரவுவதில்லை, வெளியிலிருந்து அகவணி வழியாகத் தசைக்குள் போகிறது. நீங்கள் சொன்ன ஆய்வுகள் இந்தக் கொள்கையின் கடைசிப் படியை மட்டும் மருந்தால் நிரப்பப் பார்த்தவை. குளிசையாக விழுங்கிய நைத்திரேற்று உடலின் நாளங்களையெல்லாம் ஒருசேர விரித்து, இதயத்துக்குத் திரும்பும் குருதியைக் குறைக்கும். விறைத்த இதயத்துக்கு அந்தத் திரும்பும் குருதி தேவை. அது குறைந்தால் தலைசுற்றும், சோர்வு வரும். அகவணி கொடுப்பதோ குறித்த மயிர்க்குழாயில், குறித்த கணத்தில், தேவையான துளி.

ஆனால் இதைச் சொல்லி நான் தப்பிவிட முடியாது. 2019 இல் டலஸ் நகரில் எலிகளுக்குக் கொழுப்பு நிறைந்த உணவுடன், நைத்திரிக் ஒட்சைட் உருவாவதைத் தடுத்துக் குருதியமுக்கத்தைக் கூட்டும் மருந்தொன்றையும் கொடுத்து, இதே வகை இதய நோயை உருவாக்கினார்கள். அந்த இதயங்களின் தசைக் கலங்களுக்குள் பார்த்தபோது, அழற்சியில் தூண்டப்படும் வேறொரு வகை நொதியம் நைத்திரிக் ஒட்சைட்டை மிகையாக உருவாக்கிப் புரதங்களைக் கெடுத்துக்கொண்டிருந்தது. அந்த நொதியத்தை அடக்கியபோது எலிகள் தேறின. ஆகவே சிக்கல் குறைவு மட்டும் அன்று. தவறான இடத்தில் மிகையும் கூட. நைத்திரேற்று தோற்றதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். என் பார்வையில் கொள்கையின் முதற்பாதி, அதாவது அகவணியே நுழைவாயில் என்பது, நிற்கிறது. பின்பாதி, அதாவது ஒற்றை மூலக்கூற்றின் குறைவு என்பது, மிக எளிமைப்படுத்தப்பட்டது.

அகவணி தசைக்கு அனுப்பும் செய்தி ஒன்றல்ல என்பதையும் சேர்க்க வேண்டும். நியூரெகுலின் என்ற புரதத்தை அகவணி சுரக்க, தசைக் கலத்தின் மேலுள்ள ஈஆர்பிபி4, ஈஆர்பிபி2 என்ற வாங்கிகள் அதைப் பெறுகின்றன. இந்த மூன்றில் எந்த ஒன்று இல்லாவிட்டாலும் எலியின் கருவில் இதயத்தின் உட்சுவர் உருவாகாமல் அது இறந்துவிடுவதை 1995 இல் காட்டினார்கள். வளர்ந்த இதயத்திலும் ஈஆர்பிபி2 ஐ மட்டும் நீக்கினால் இதயம் பருத்துத் தளர்ந்துவிடும் என்பது 2002 இல் தெரிந்தது.

இன்று பயன் தருவதாக உறுதியான மருந்து என்றால் எம்பாகிளிபுளோசின் வகை. 2021 இல் 5,988 நோயாளிகளில் நடந்த ஆய்வில், இதய நோயால் இறப்பதும் செயலிழப்புக்காக வைத்தியசாலையில் சேர்வதும் ஒன்றாகக் கணக்கிட்டால் 21 வீதம் குறைந்தன. சீனிக்காக உருவாக்கப்பட்ட அந்த மருந்து இதயத்தில் எந்த வழியாக வேலை செய்கிறது என்பது இன்னும் விவாதத்தில் உள்ளது; அகவணி வழியாக என்று சொல்பவர்களும் உண்டு, நான் அதை இன்னும் எழுதி ஒப்பமிட மாட்டேன். வல்லிபுரத்தான், சீனி வருத்தமும் இருப்பதால் உங்கள் தகப்பனாருக்கு அது பொருந்துமா என்று கிளினிக்கில் கேட்கலாம். சிறுநீரகப் பரிசோதனையின் விடையையும் கையோடு கொண்டுபோங்கள்.

மருந்தில்லாத வழியும் ஒன்று உண்டு. 2000 ஆம் ஆண்டில் ஜேர்மனியின் லைப்சிக் நகரில், முடியுருநாடி நோய் உள்ளவர்களை நான்கு வாரங்கள் ஒழுங்காக உடற்பயிற்சி செய்ய வைத்து, முன்னும் பின்னும் அசற்றைல்கோலின் கொடுத்து நாடிகளை அளந்தார்கள். பயிற்சிக்குப் பிறகு அந்த நாடிகள் முன்னரைப் போல இறுகவில்லை. உராய்வு விசையைப் பற்றி மேலே எழுதியது இங்கே பொருந்துகிறது. வாளி தூக்குவதை விட, வைத்தியர் அனுமதித்த அளவில் காலையிலும் மாலையிலும் ஒழுங்கையில் மெல்ல நடப்பது நல்லது. சுருட்டை மறுபடி தொடாதிருப்பது அதனிலும் முக்கியம். புகைப்பவர்களின் கைநாடி விரிய மறுப்பதை 1990களின் தொடக்கத்திலேயே அளந்து காட்டிவிட்டார்கள்.

மாதகல் எழுதியது:

நியூரெகுலின் பற்றி எழுதியதால் ஒரு குறுங்கேள்வி. என் தங்கைக்கு மார்புப் புற்றுநோய்க்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை ட்ராஸ்டுசுமாப் ஊசி ஏற்றுகிறார்கள். ஒவ்வொரு மூன்று மாதமும் எக்கோ எடுக்கச் சொல்வது இதனால்தானா?

பனங்கூடல் எழுதியது:

ஆம். அந்த ஊசி பிடித்து அடக்குவது அதே ஈஆர்பிபி2 வாங்கியைத்தான். புற்றுநோய்க் கலத்தில் அது மிகையாக இருப்பதால் அடக்குகிறார்கள், இதயத் தசையிலும் அது இருப்பதால் அகவணியின் செய்தி தடைப்படுகிறது. 2001 இல் வெளிவந்த முதற் பெரிய ஆய்வில், அந்திராசைக்கிளின் வகைப் புற்றுநோய் மருந்துடன் சேர்த்துக் கொடுத்தவர்களில் 27 வீதத்தினருக்கு இதயக் குறைபாடு வந்தது. அதன் பிறகுதான் இரண்டையும் ஒரே வேளையில் கொடுப்பதைத் தவிர்த்து, எக்கோவை ஒழுங்காக எடுக்கத் தொடங்கினார்கள். நேரத்தோடு கண்டுபிடித்தால் பெரும்பாலும் மீளும். ஆகவே தங்கை எக்கோ திகதியைத் தவறவிட வேண்டாம். ஊசியையும் தானாக நிறுத்த வேண்டாம்.

வல்லிபுரத்தான் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஐயா சொன்னபடி கேள்விகளை எழுதிவைத்திருக்கிறேன். இன்னொன்று. அப்பாவுக்கு ஒரு கடைவாய்ப்பல் பிடுங்க வேண்டியிருக்கிறது. குருதி நிற்காது என்பதால் கிளொபிடோகிரெல், அஸ்பிரின் என்ற உறைவுத் தடுப்புக் குளிசைகள் இரண்டையும் ஒரு கிழமைக்கு நிறுத்திவிட்டு வரும்படி ஒரு தனியார் பல் மருத்துவ நிலையத்தில் சொல்லிவிட்டார்கள். அப்பாவுக்கும் அந்தக் குளிசைகளில் விருப்பமில்லை. கையெல்லாம் கண்டிப் போகிறது என்கிறார். ஸ்ரென்ட் வைத்து ஐந்து மாதமாகிறது. நிறுத்தலாமா?

பூவரசு எழுதியது:

தம்பி, இதயப் பிரிவில் கேட்காமல் ஒரு நாளுக்குக்கூட நிறுத்த வேண்டாம். காரணம் இந்த இழையில் பேசிக்கொண்டிருக்கும் அதே அகவணிதான். ஸ்ரென்ட்டை விரித்து நாடியில் அழுத்தும்போது அந்த இடத்து அகவணி நசுங்கி உரிந்துவிடுகிறது. அதன் பிறகு குருதி வெறும் உலோகத்தைத் தொட்டுக்கொண்டு ஓடும். குருதிச்சிறுதட்டுகள் ஒட்டிக்கொள்ள அதைவிட வாய்ப்பான இடம் இல்லை. பக்கத்திலிருக்கும் அகவணிக் கலங்கள் மெல்ல மெல்லப் பரவி அந்தக் கம்பிகளை மூட வேண்டும். இப்போது வைக்கும் ஸ்ரென்ட்களில், நாடி மறுபடியும் தடித்து ஒடுங்காமல் இருப்பதற்காகப் பூசப்பட்டிருக்கும் மருந்து, கலங்கள் பெருகுவதைத் தடுப்பது. அது அகவணி மூடுவதையும் தாமதப்படுத்தும். முதல் தலைமுறை மருந்து ஸ்ரென்ட்களில், ஒரு வருடத்துக்குப் பிறகும் மூடப்படாத கம்பிகளில் உறைவு விழுந்து இறந்தவர்களின் இதயங்களை அறுத்துப் பார்த்துத்தான் இதை அறிந்துகொண்டார்கள். இப்போதைய ஸ்ரென்ட்கள் எவ்வளவோ மேல். என்றாலும் மாரடைப்புக்குப் பிறகு இரண்டு குளிசைகளையும் பொதுவாகப் பன்னிரண்டு மாதம் எடுக்கச் சொல்வார்கள்.

பல் பிடுங்குவதைப் பற்றி அமெரிக்க இதயச் சங்கமும் பல் மருத்துவச் சங்கமும் வேறு சில சங்கங்களும் சேர்ந்து 2007 இல் ஓர் அறிவுறுத்தல் வெளியிட்டன. அவசரமில்லாத வேலையென்றால் தள்ளிப் போடுங்கள். தள்ள முடியாதென்றால் குளிசைகளை நிறுத்தாமலே பிடுங்கி, இடத்தில் பஞ்சு வைத்து அழுத்தியோ தையல் போட்டோ குருதியை நிறுத்துங்கள் என்பதே அதன் சாரம். அப்பாவின் கிளினிக் கொப்பியில் ஸ்ரென்ட் வைத்த திகதியும் வகையும் இருக்கும் பக்கத்தைப் படமெடுத்து, முதலில் இதயப் பிரிவில் காட்டி, அவர்கள் எழுதித் தருவதைப் பல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். கை கண்டிப் போவது இந்தக் குளிசைகளுக்கு வழமை. மலம் கறுப்பாகப் போனால் அல்லது மூக்கிலிருந்து குருதி நிற்காமல் வந்தால் மட்டும் உடனே வாருங்கள்.

வல்லிபுரத்தான் எழுதியது:

பல் மருத்துவ நிலையத்துக்கு இப்போதுதான் அழைத்து, வெள்ளிக்கிழமைத் திகதியை எடுத்துவிடச் சொன்னேன். கிளினிக் திங்கட்கிழமை. அங்கே சொல்வதை இங்கே எழுதுகிறேன்.